கல்லூரிகளைப் போய்ப் பார்க்க 24,000 ரூபாய் வேண்டாம்

கேள்வி: சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு 178. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். கோவையில் மூன்று, சென்னையில் இரண்டு, மதுரையில் ஒன்று என்று ஆறு கல்லூரிகளைக் குறித்து வைத்திருக்கிறாள். இடத்தைப் பார்க்காமல் பெண்ணை நான்கு வருடத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை. வாடகைக் கார், லாட்ஜ், சாப்பாடு என்று கணக்குப் போட்டால் கல்லூரிக்கு 4,000 வீதம் 24,000 ரூபாய் வருகிறது. கடன் வாங்கியாவது போய்ப் பார்க்க வேண்டுமா?

பதில்: கடன் வாங்காதீர்கள். அதற்காக, "எல்லாம் இணையத்திலேயே இருக்கிறது, எதற்கு இந்த அலைச்சல்" என்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். நான் இருபது ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தியவன். ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் வரவேற்பு மேசையில் உட்கார வைக்கப்பட்டவன். ஆயிரம் ஆயிரமாகச் செலவழித்து வந்து, நுழைவாயில் வளைவையும் புல்வெளியையும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பிய பெற்றோரை எண்ணி மாளாது. ஆறு கல்லூரிகளையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைப்பதில்தான் செலவு ஏறுகிறது. வீட்டிலிருந்தபடியே ஆறை மூன்றாகக் குறைத்துக்கொண்டு, அந்த மூன்றில் மிச்சமிருக்கும் சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் பஸ் ஏறுங்கள்.

குறைப்பது எப்படி? முதலில் கிடைக்குமா என்று பாருங்கள். மதிப்பெண் வரிசைப்படி இடம் ஒதுக்கும் கலந்தாய்வை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சேர்க்கை இணையதளத்தில், முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எந்த வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃப் வரை போனது என்ற விவரம் இருக்கிறது. 178க்கு எட்டவே எட்டாத கல்லூரியைப் போய்ப் பார்ப்பது சுற்றுலா. உங்கள் மகளுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொதுப் பிரிவில் எட்டாத கல்லூரி இதில் எட்டலாம். கடந்த ஆண்டு உங்கள் மகளின் பள்ளியிலிருந்து இந்த ஒதுக்கீட்டில் யார், எந்தக் கட்-ஆஃபுக்கு, எங்கே சேர்ந்தார்கள் என்பது தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கும். போய்க் கேளுங்கள். அந்த மாணவிகளில் ஒருத்தி விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தால், அவளோடு உங்கள் மகள் திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரம் சென்னைப் பயணம் ஒன்றுக்குச் சமம். செலவு ஒரு காப்பி.

அடுத்து, காகிதத்தில் தெரிவதைக் காகிதத்தில் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவம்தோறும் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டா. அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரி என்றால், அது அரசுக்குக் கொடுத்த விவரத்தாள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும். எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. வேலை பெற்ற எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் நடுமட்டச் சம்பளம். பேருந்து நிலையப் பதாகையில் படம் போட்டிருக்கும் அந்த ஒரு மாணவரின் சம்பளம் உங்கள் மகளுக்கு எதையும் சொல்லாது. இது சொல்லும். தரச்சான்றிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாக் சான்று முழுக் கல்லூரிக்குமானது, என்.பி.ஏ. சான்று தனித்தனிப் பாடப்பிரிவுக்கானது. "என்.பி.ஏ. பெற்ற கல்லூரி" என்று எழுதியிருந்தால், மகள் கேட்கும் பிரிவுக்கு உண்டா, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் செய்தால் ஆறு தானாகவே மூன்றாகும். இங்கே ஒரு வார்த்தை: உங்கள் பட்டியலில் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றுகூட இல்லையே, ஏன்? கோவில்பட்டி, சிவகாசி, திருநெல்வேலி மூன்று பக்கமும் பல ஆண்டுகளாக நடக்கும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அங்கே சேர விருப்பமில்லை என்றாலும் முதலில் அவற்றில் ஒன்றைப் போய்ப் பாருங்கள். கல்லூரி என்பதையே உள்ளே போய்ப் பார்த்திராத கண்ணுக்கு முதல் கல்லூரி எப்போதும் பிரம்மாண்டமாகத்தான் தெரியும். அந்த மலைப்பு தீர இரண்டு பேருக்கு 500 ரூபாய் போதும். அதைக் கோவையில் போய்த் தீர்த்துக்கொள்வது வீண். பள்ளியிலிருந்து 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் கல்லூரிக் களப்பயணம் அழைத்துச் சென்றிருந்தால், மகளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் கண் பழகியிருக்கும்.

இப்போது தூரத்துக் கல்லூரிகளுக்கு வருவோம். ஊர் ஒன்றுக்கு ஒரே பயணம், இரவில் கிளம்பி இரவில் திரும்புவது என்று வைத்துக்கொண்டால் லாட்ஜ் செலவு கழிந்துவிடும். சென்னைக்கு உங்கள் ஊரில் நின்று போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் இரவு ரயில் இருக்கிறது. படுக்கை வசதிக்கு ஆளுக்கு 400 ரூபாயை ஒட்டி ஆகும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும்; கிளம்பும் நேரத்தில் பதிவு செய்யப் போனால் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும். ஜூன் மாதத்துக்கு உத்தேசமாக ஒரு தேதி போட்டு இப்போதே எடுத்துவிடுங்கள். போக முடியாவிட்டால் ரத்துக் கட்டணம்தான் நட்டம். பார்க்கும் கல்லூரி பழைய மாமல்லபுரம் சாலையிலோ ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ இருந்தால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் போய்த் திரும்பி வரும் இரண்டு மணி நேரம் மிச்சம்.

கோவைக்கு ராஜபாளையத்திலிருந்து இரவுப் பேருந்து பிடிக்கலாம். தெற்கேயிருந்து போகும் பேருந்துகள் சிங்காநல்லூர் நிலையத்தில் நிற்கும். பீளமேட்டிலிருந்து சின்னியம்பாளையம், நீலாம்பூர், அரசூர் என்று அவிநாசி சாலையை ஒட்டியே பல கல்லூரிகள் வரிசையாக இருப்பதால், ஒரே நாளில் இரண்டை நிதானமாகப் பார்க்கலாம். குனியமுத்தூர் பக்கம் ஒன்று, அரசூர் பக்கம் ஒன்று என்று தேர்ந்தெடுத்தால் நாள் முழுக்கப் பேருந்திலேயே கழியும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கும் ஆசை வரும். வேண்டாம். மூன்றாவதற்குள் நுழையும்போது கால் வலிதான் முடிவெடுக்கும்.

யார் போவது? வழக்கமாக அப்பாதான் போவார். ஆனால் நீங்கள் தறியை நிறுத்தினால் ஒரு நாள் கூலியும் போகும். அதையும் பயணச் செலவில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மனைவியும் மகளும் போகட்டும். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இருவரும் கோவைக்குள்ளும் சென்னைக்குள்ளும் ஆட்டோவே பிடிக்காமல் சுற்றலாம். சொகுசுப் பேருந்துக்கு இது பொருந்தாது, ஏறும்போது பார்த்து ஏறச் சொல்லுங்கள். சாதாரண நகரப் பேருந்து கல்லூரி வாசல் வரை போகிறதா, எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நான்கு வருடமும் அந்தப் பேருந்தில்தானே மகள் போய்வரப் போகிறாள்? வாடகைக் காரில் போய் இறங்கினால் இது தெரியாது.

கணக்கு: பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு 500. மதுரைக்குக் காலையில் போய் மாலையில் திரும்ப 700. கோவைக்கு அரசுப் பேருந்தில் ஆளுக்கு ஒரு வழிக்கு 300 வைத்தால் இருவருக்கும் போகவர 1,200, சாப்பாட்டோடு 1,800. சென்னைக்கு ரயில் 1,600, மற்றவை 700. எல்லாம் சேர்த்து 5,300. மதுரையோ சென்னையோ காகிதத்திலேயே கழிந்துபோனால் இன்னும் குறையும்.

போகும் நாள் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை ஒத்துவரும் என்று ஞாயிறு போகாதீர்கள். பருவத் தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் வாரத்திலும் போகாதீர்கள். ஆளில்லாத விடுதி எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். முதல் நாள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள்: "நாளை வகுப்பு நடக்கிறதா? பெண்கள் விடுதியைப் பார்க்க அனுமதி உண்டா?" விடுதியைக் காட்ட மறுக்கும் கல்லூரியை அந்தத் தொலைபேசி அழைப்போடு பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், பஸ் காசு மிச்சம்.

உள்ளே போனதும் சுற்றிக் காட்ட ஒருவர் வருவார். அவர் காட்டுவதை மரியாதையாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகு உணவகத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். என் அண்ணன் மகனோடு ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. கல்லூரி நடந்துகொண்டிருந்த வேலை நாள் அது. கதவைத் திறந்ததும் கருவிகளின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை என்று தெரிந்தது. பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்துவிட்டு ஊர் திரும்பினோம். இதை எந்த இணையதளத்திலும் பார்த்திருக்க முடியாது.

மாணவிகளிடம் உங்கள் மகள்தான் பேச வேண்டும். அம்மா பக்கத்தில் நின்றால் அவர்கள் கல்லூரியைப் புகழ்வார்கள். அம்மா தள்ளிப் போனால் உண்மையைச் சொல்வார்கள். "நல்ல கல்லூரியா அக்கா?" என்று கேட்டால் "நல்ல கல்லூரிதான்" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்க வேண்டும். இந்தப் பருவத்தில் பாதியிலேயே வேலையை விட்டுப் போன ஆசிரியர்கள் எத்தனை பேர்? கோடையில் விடுதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும்? உங்கள் துறையில் கடைசியாக வளாகத் தேர்வுக்கு வந்த நிறுவனம் எது, எத்தனை பேரை எடுத்தது? மெஸ் பில் மாதம் நிலையான தொகையா, ஆன செலவை மாணவிகளுக்குள் வகுத்துப் போடுவதா? பயிற்சி, சீருடை என்று தனியாக எவ்வளவு வாங்குகிறார்கள்? 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவி யாராவது கிடைத்தால் அவளிடம் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று: அரசு கட்டும் என்று சொன்ன பணத்தை உன்னிடம் கேட்டார்களா? துறை அறிவிப்புப் பலகையில் என்ன தேதியிட்ட தாள் ஒட்டியிருக்கிறது என்றும் பார்த்து வரச் சொல்லுங்கள்.

உங்களைத் தேடி இன்னொரு யோசனையும் வரும். "எங்கள் கல்லூரியைப் பார்க்க வண்டி அனுப்புகிறோம், சாப்பாடும் உண்டு, ஒரு பைசா வேண்டாம்" என்று தொலைபேசியில் அழைப்பார்கள், சில சமயம் வீட்டுக்கே வருவார்கள். மலிவாகப் பார்க்க வழி தேடுபவருக்கு இது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருக்கும். போகலாம், ஆனால் அந்த வண்டியில் திரும்பி வரும் நேரம் உங்கள் கையில் இருக்காது. மாலை வரை உட்கார வைத்து, "இன்றே முன்பணம் கட்டினால் இடம் உறுதி" என்று பேசுவார்கள். அசல் மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் "சும்மா சரிபார்க்க" வாங்கி வைத்துக்கொண்டால் கலந்தாய்வு நேரத்தில் நீங்கள் அலைய வேண்டியிருக்கும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளான யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. ஆனால் விதியைக் காட்டித் திரும்ப வாங்குவதைவிட வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது சுலபம். எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும் நகல் மட்டும்தான்.

பயணங்களை முடிக்க வேண்டிய கெடு, கலந்தாய்வில் உங்கள் மகளின் சுற்று தொடங்கும் நாள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்ற விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யச் சில நாட்களே கொடுப்பார்கள். அப்போது ஊர் சுற்ற நேரமிருக்காது. பார்த்த கல்லூரிகளோடு, பார்க்காத கல்லூரிகளையும் சேர்த்துப் பட்டியலை நீளமாகவே பதியுங்கள். நேரில் பார்த்தவற்றை மட்டும் போட்டு இடமே கிடைக்காமல் நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். நீளமான பட்டியல் என்றால், பார்க்காத கல்லூரி ஒன்று தற்காலிக ஒதுக்கீட்டில் விழவும் வாய்ப்பு உண்டு. அதை ஏற்கிறோமா, மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கிறோமா என்று சொல்ல ஓரிரு நாள்தான் அவகாசம். அந்த ஒரு இரவுப் பயணத்துக்காக 2,000 ரூபாயை இப்போதே தனியாக எடுத்து மனைவியிடம் கொடுத்து வையுங்கள். தேவைப்படாவிட்டால் விடுதிக்கு வாளி, போர்வை வாங்க ஆகும்.