படித்தவன் ஏன் லாரிக்குப் போகிறான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சங்ககிரிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை மகன் பி.காம். முடித்து ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை பார்த்தான். போன மாதம் அதை விட்டுவிட்டு, ‘லாரிக்குப் போகிறேன்’ என்று நிற்கிறான். ஹெவி லைசென்ஸுக்கு ஏற்பாடும் செய்துவிட்டான். எங்கள் அப்பா, சித்தப்பா எல்லாரும் லாரியில் போனவர்கள்தான். ஆனால் அவர்கள் படிக்காததால் போனார்கள். படித்தவன் எதற்கு இந்தத் தொழிலைத் தேடிப் போக வேண்டும்? ஊர் சுற்றும் ஆசையா, சகவாசமா? ‘டிரைவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்’ என்று தங்கை அழுகிறாள். நான் அவனிடம் என்ன பேசுவது?

எஸ்., சங்ககிரி

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

வணக்கம். ‘படிக்காததால் போனார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதிதான் சரி. அந்தத் தலைமுறையில் படிக்காதவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். எல்லா ஊர்க்காரர்களும் லாரிக்குப் போய்விடவில்லையே. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம் வட்டாரம் மட்டும் ஏன் போனது?

உங்களுக்குத் தெரியாததல்ல. மழை குறைந்த மேட்டுக்காடு. சோளமும் கடலையும் வானத்தை நம்பித்தான். சேலம் வழியாக வடக்கே ஏறும் சாலையும் கொச்சிக்குப் போகும் சாலையும் பக்கத்திலேயே. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை, எண்ணெய்க் கிடங்குகள். ஆக, லோடுக்கும் குறைவில்லை. பங்காளிகள் நாலு பேர் பணம் போட்டு ஒரு பழைய வண்டி வாங்கினார்கள். அதிலிருந்துதான் நாமக்கல்லின் பாடி பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், ஆப்பிரிக்கா வரைக்கும் போன, போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எல்லாம் வந்தன.

அந்த ஊர்களில் லாரி ஓர் ஏணியாக இருந்தது. பையனுக்குப் பத்தாவது தேறவில்லையென்றால் மாமன் தன் வண்டியில் கிளீனராக ஏற்றிக்கொள்வார். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, ரோட்டோரம் அடுப்பு வைத்துச் சோறு வடிப்பது எல்லாம் அவன் வேலை. ராத்திரி ஆளில்லாத ரோட்டில் கொஞ்ச நேரம் ஸ்டியரிங் கிடைக்கும். நாலைந்து வருஷத்தில் டிரைவர். அப்புறம் சீட்டு எடுத்து, மிச்சத்துக்கு ஃபைனான்ஸ் போட்டு ஒரு பழைய வண்டி. பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டு 1979-ல் சென்னையில் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் தொடங்கி வளர்ந்ததென்றால், இப்படிப்பட்ட ஆட்கள் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்! இன்று பத்து வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், தான் கிளீனராக இருந்த கதையைச் சொல்லாமல் விடமாட்டார். உங்கள் அப்பா காலத்து ஆட்களை இழுத்தது அந்த ‘நாளைக்கு நம்ம வண்டி’ என்கிற நினைப்பு. படிப்பில்லாதது அதற்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

முதலாளிகள் இப்போது டிரைவர் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வணங்காது’ என்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. கிளீனரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது யார்? ஒரு ஆள் படி மிச்சம் என்று முதலாளியே இறக்கினார். பையன்களும் அந்தச் சம்பளத்துக்கு வர மறுத்தார்கள். விளைவு, டிரைவர் உருவாகிற இடமே போய்விட்டது. ஏணியின் மேல்படியும் ஆடுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புது வண்டி விலை ஏறிவிட்டது. 14 வீல், 16 வீல் என்றால் பாடி கட்டி ரோட்டில் இறக்க அரைக் கோடியை ஒட்டி வருகிறது. வண்டி நின்றால் ஸ்பேனரோடு கீழே படுத்துச் சரிசெய்ய முடியாது, கம்பெனிக்காரன் லேப்டாப்போடு வர வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வண்டி வாங்குவது முன்புபோல் எளிதில்லை.

சரி, அப்படியிருந்தும் உங்கள் மருமகன் ஏன் போகிறான்? அவனை எனக்குத் தெரியாது. ஆனால் ஃபைனான்ஸ் வசூல் வேலை என்னவென்று ஓரளவு தெரியும். காலையில் டார்கெட், மாலையில் மேனேஜர் போனில் திட்டு. நடுவில், கட்ட முடியாதவன் வாசலில் போய் நிற்க வேண்டும். அவன் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் ஊர்ப் பக்கம் வசூல் என்றால் பாதி லாரிக்காரர் வீடாகத்தான் இருந்திருக்கும். எவன் டியூ ஒழுங்காகக் கட்டுகிறான், எவன் வண்டியைப் பறிகொடுக்கிறான் என்று வாசலில் நின்று பார்த்தவன் அவன். இந்தத் தொழிலின் கணக்கு நம் இருவரையும்விட அவனுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தே போகிறான்.

அவனை இழுப்பது பணமாக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாரியில் காசு கைக்கு உடனே வரும். கிளம்பும்போது அட்வான்ஸ், நாளுக்குப் படி, நடை முடிந்ததும் கணக்கு. சில வண்டிகளில் வாடகையில் பங்கே உண்டு. போபாலில் யோகிதா ரகுவன்ஷி என்ற பெண்மணியைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். சட்டம் படித்தவர். கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு நின்றபோது, ஜூனியர் வக்கீலாக வருஷக்கணக்கில் காத்திருக்க முடியாது என்று லாரி ஓட்ட வந்தார். படித்தவர் எதற்கு இதற்கு வர வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, தலைக்கு மேல் ஆள் இல்லாத வேலை என்பது. மில்லில் சூப்பர்வைசர், ஆபீஸில் மேனேஜர். கேபினில் யாரும் கிடையாது. பழைய டிரைவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் இதை மருமகனிடம் கொஞ்சம் விவரமாகவே பேசுங்கள். இப்போது வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. டோலைத் தாண்டினால் ஃபாஸ்டேக் பணம் கழிந்த செய்தி முதலாளி போனுக்குப் போய்விடும். வண்டி ஒரு மணி நேரம் நின்றால் ‘ஏன் நிக்குது?’ என்று போன் வரும். மேனேஜரை விட்டு ஓடுகிறேன் என்று நினைத்துப் போனால் ஏமாந்து போவான்.

ஊர் சுற்றும் ஆசை முதல் வருஷத்தோடு தீர்ந்துவிடும். எந்த ஊருக்குப் போனாலும் பார்ப்பது கோடவுனும் டோலும்தானே. தீராத சங்கதி ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் தாண்டாத ராசிபுரத்துக்காரர் நாக்பூர் புக்கிங் ஆபீஸில் இந்தியில் வாடகை பேசுவார், விஜயவாடாவில் தெலுங்கில் சண்டை போடுவார். 14 வீல் வண்டி லோடோடு 42 டன். அதைப் பின்னால் பார்த்துப் பார்த்துச் சந்துக்குள் ஏற்றி நிறுத்துகிற கை எல்லாருக்கும் வராது. கஷ்டத்தையெல்லாம் சொல்லி முடித்தபின் இந்தப் பேச்சு வந்தால் இவர்கள் குரல் மாறும். வந்ததற்குக் காரணம் பணமாக இருக்கும். இருபது வருஷம் இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அவனைத் தடுக்க ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தூக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று எழுதி வைத்தது. தொலைதூர வண்டிக்கு மட்டும் 10, 54 என்று கொஞ்சம் தளர்த்தியது. ஒற்றை டிரைவரோடு வடக்கே போகும் வண்டியில் அதை யார் மதித்தார்கள்? அதோடு டீசல் கணக்கு. மைலேஜ் கூட்டிக் காட்டினால் மிச்சம் டிரைவருக்கு என்று பேசியிருந்தால், இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விடச் சொல்லும் கை. அப்போது வண்டியைப் பிடிக்க பிரேக் மட்டும்தான் மிஞ்சும். தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போய் மோதிய வண்டிகளில் எத்தனையோ இப்படித்தான். கொஞ்சம் டீசலுக்காக! இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

விபத்து நடந்தால் தப்பு யாருடையதானாலும் அடி முதலில் பெரிய வண்டிக்காரனுக்கு. 2024 புத்தாண்டில் வடமாநில டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்களே, ஆள் சாகும்படி இடித்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லாமல் போனால் 10 வருஷம் வரை சிறை என்று புதுக் குற்றவியல் சட்டத்தில் வந்த பிரிவுக்காகத்தான். ‘நின்றால் கூட்டம் கொன்றுவிடும், ஓடினால் சிறை’ என்பது அவர்கள் கட்சி. அரசு அந்தப் பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தது. நல்லதும் இல்லாமல் இல்லை: 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். இது முப்பது வருஷம் முன்பே வந்திருக்க வேண்டியது.

பெண் விஷயம். உங்கள் தங்கை அழுவதில் நியாயம் இருக்கிறது. தொண்ணூறுகளில் நாமக்கல் பெயரோடு எச்.ஐ.வி. பேச்சு ஒட்டிக்கொண்டது, அந்தப் பழி எல்லா டிரைவர் வீட்டுக்கும் போனது. அது தேய்ந்துவிட்டது என்றாலும், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்தான். டேங்கர் வண்டி என்றால் போகிற இடம், வருகிற நாள் ஓரளவு கணக்காக இருக்கும். அபாயகரமான பொருள் ஏற்றத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் வேண்டும். படித்தவனுக்கு அது ஒரு சிரமமில்லை. கொஞ்சம் அனுபவம் வந்தபின் அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு அவனிடம் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், பதில் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பான். எந்த வண்டி, எந்த லைன், கூட இன்னொரு டிரைவர் உண்டா, சம்பளமா பங்கா, டீசல் கணக்கு எப்படி, பி.எஃப். பிடிக்கிறார்களா, விபத்து இன்சூரன்ஸ் யார் பேரில் என்று கேளுங்கள். ஹெவி லைசென்ஸ் கையில் வந்துவிட்டாலே டிரைவர் ஆகிவிட முடியாது. அந்தக் காலத்தில் கிளீனராக இருந்து கற்றதை இவன் வேறெங்காவது கற்றாக வேண்டும். உங்கள் சொந்தத்தில் இன்னும் வண்டியில் இருக்கிற பெரியவர் யாராவது இருந்தால் ஒரு வருஷம் அவரோடு ரெண்டாவது டிரைவராக அனுப்புங்கள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை. அப்படி ஆள் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். நாமக்கல்லில் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்