ஒருமுறை விழுந்த அம்மாவுக்கு என்ன உடற்பயிற்சி கொடுக்கலாம்?

எழுபது தாண்டிய அம்மா வழுக்கி விழுந்ததிலிருந்து நடக்கவே பயப்படுகிறார், உட்கார்ந்தே இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். நடக்காத காலில் தசை மெலியும். அடுத்த முறை தடுமாறினால் தாங்கிப்பிடிக்க வலு இருக்காது.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். எழுந்ததும் தலை சுற்றுகிறதா, ரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ காரணமா, பார்வை எப்படி என்று பார்க்க வேண்டும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். என்னைக் கேட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான் முக்கியம். கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மெதுவாக. 5 முறையில் தொடங்கி 10 வரை போகலாம். கழிப்பறையில் எழுந்திருக்க உதவுவதும் இதே தொடைத் தசைகள்தான்.

அப்புறம், சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து 10 விநாடி நிற்பது. சமநிலை கூடக்கூட, இரண்டு கையால் பிடிப்பதை ஒரு கையாகக் குறைக்கலாம். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் உருவாக்கிய திட்டமும் இப்படித்தான்: வாரம் 3 நாள் கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி, கூடவே நடை. உடற்பயிற்சி செய்தால் முதியோர் விழுவது சுமார் 23 சதவீதம் குறைகிறது என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2019 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

நெஞ்சு வலி, மூச்சு முட்டல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.