15 பேர் வேலை பார்க்கும் எங்கள் நிறுவனத்துக்கு எந்த ஆபீஸ் சந்தா சரியாக வரும்: மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் ஒர்க்ஸ்பேஸ், ஸோஹோ?

திருப்பூரில் சின்ன பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், கணினி தொடுகிறவர்கள் 15 பேர், இதுவரை ஆளுக்கொரு ஜிமெயிலும் பழைய ஆபீஸ் 2016-ம், இனி நிறுவனத்தின் பெயரிலேயே மெயில் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கத்து நிறுவனங்களுக்குக் கணினி வேலை செய்து கொடுப்பவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

மூன்றுமே நல்ல சேவைகள்தான். பணம் வீணாவது வேறு இடத்தில். முதலாளி ஒருவரிடம் விசாரிப்பார், அவர் வாங்கிய அதே திட்டத்தை 15 பேருக்கும் வாங்கிப் போடுவார். பேக்கிங் செக்ஷனில் இருப்பவருக்கு மெயில் பார்க்க மட்டும்தான் வேண்டியிருக்கும். அவர் கணக்கிலும் முழு ஆபீஸுக்கான காசு மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, கணினியில் நிறுவி ஓடும் எக்செல் உண்மையில் யாருக்கெல்லாம் வேண்டும் என்பதை. அக்கவுன்ட்ஸில் இருந்து ஆரம்பியுங்கள். டேலி தனியாக ஓடிவிடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஜிஎஸ்டிஆர்-9 ஆண்டு ரிட்டர்னுக்கான ஆஃப்லைன் கோப்பும், வருமான வரித் துறை தரும் எக்செல் யுடிலிட்டியும் மேக்ரோ (கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சின்ன நிரல்) நிறைந்தவை. உலாவியில் திறக்கும் எக்செலில் அந்த மேக்ரோக்கள் ஓடாது. கூகுள் ஷீட்ஸிலும் ஓடாது. ஸோஹோ ஷீட் மேக்ரோவை ஓரளவு ஏற்றுக்கொள்ளும் என்றாலும், கடைசித் தேதி நெருங்கும்போது அரசாங்கக் கோப்பை அதில் ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் கிடையாது. இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்கும் இதே கதைதான். இதையெல்லாம் உங்கள் ஆடிட்டரே அவர் ஆபீசில் செய்துவிடுகிறார் என்றால் சரி, உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்து மெர்ச்சண்டைசர்கள், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்தோடு (பையர்) பேசி ஆர்டரைக் கவனிப்பவர்கள். பையர் அனுப்பும் ஆர்டர் ஷீட்டில் படம், பூட்டிய கட்டங்கள், கலர் கலராகப் பிரித்த சைஸ் ரேஷியோ எல்லாம் இருக்கும். அதே வடிவத்தில் நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். கூகுள் ஷீட்ஸில் திறந்து மறுபடி எக்செலாக இறக்கினால் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் ஒரு கட்டம் நகர்ந்தாலும் பையர் பக்கத்தில் இருந்து கேள்வி வரும். அவர்களுக்கும் நிறுவி ஓடும் எக்செலே நல்லது. ஸ்டோர், செக்கிங், பேக்கிங், வரவேற்பு இவர்களுக்கெல்லாம் உலாவியும் போனும் போதும். நான் பார்த்தவரை உங்கள் அளவு நிறுவனத்தில் முழு எக்செல் தேவைப்படுபவர்கள் நான்கைந்து பேர்தான்.

இப்படிப் பிரித்தபின் மைக்ரோசாஃப்ட் 365-ஐப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். பிசினஸ் பேசிக்கில் மெயிலும் 1 டெராபைட் ஒன்டிரைவும் உண்டு, ஆனால் வேர்டும் எக்செலும் உலாவியிலும் போனிலும் மட்டும். கணினியில் நிறுவிக்கொள்ள பிசினஸ் ஸ்டாண்டர்டு வேண்டும், விலை பேசிக்கைவிடப் பல மடங்கு. ஒரே நிறுவனத்துக்குள் சிலருக்கு இது, சிலருக்கு அது என்று கலந்து வாங்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை, விற்பவர்களும் தாமாகச் சொல்வதில்லை. 'ஆப்ஸ் ஃபார் பிசினஸ்' என்றும் ஒரு திட்டம் இருக்கிறது. அதில் மென்பொருள் மட்டும்தான், மெயில் வராது. விலை குறைவாக இருக்கிறதே என்று 6 பேர் பகிரும் ஃபேமிலி திட்டத்தை வாங்காதீர்கள். அது வீட்டு உபயோகத்துக்கான உரிமம். சில நூறு ரூபாய்க்கு 'வாழ்நாள் கீ' என்று ஆன்லைனில் விற்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சிறிய நிறுவனங்களுக்கு எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. எக்செல் வேண்டிய நான்கைந்து கணினிகளுக்கு மட்டும் ஆபீஸ் 2024 ஹோம் அண்ட் பிசினஸ் பதிப்பை ஒரே தடவையாகக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, மெயிலை எல்லோருக்கும் ஸோஹோவில் வைத்துக்கொள்வது. ஆபீஸ் 2024-க்கு 2029 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். உங்களிடம் இருக்கும் 2016-க்கு அது 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது, ஆகவே எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் மெயிலே இப்போது ஸோஹோவில்தான் ஓடுகிறது, அதனால் நம்பலாமா என்ற கேள்வி வேண்டாம். 5 பேர் வரை இலவசத் திட்டமும் அவர்களிடம் உண்டு. அதை ஆபீஸோடு வரும் மெயில் மென்பொருளான அவுட்லுக்கில் இணைக்க முடியாது என்பதால் உங்களுக்கு உதவாது.

கூகுளை எப்போது சொல்வேன் என்றால், ஒரே ஷீட்டில் பல பேர் ஒரே நேரத்தில் கை வைக்கும் ஆபீசுக்கு. தினசரி உற்பத்திக் கணக்கை ஃப்ளோரில் இருந்தே போனில் போடுவது போன்ற வேலைகளுக்கு அது அருமை. ஆனால் பிசினஸ் ஸ்டார்ட்டரில் ஆளுக்கு 30 ஜிபிதான். சாம்பிள் போட்டோவை எல்லாம் அதில் ஏற்றினால் சீக்கிரம் நிரம்பும். அடுத்த திட்டத்தில் 2 டெராபைட், விலையும் அதற்கேற்ப.

எதை வாங்கினாலும் அக்கவுன்ட்ஸ், சேல்ஸ், ஷிப்பிங் என்ற பொது முகவரிகளுக்குத் தனியாகக் காசு கட்டாதீர்கள். மைக்ரோசாஃப்டில் 'ஷேர்டு மெயில்பாக்ஸ்' 50 ஜிபி வரை உரிமம் இல்லாமலே கிடைக்கும். கூகுளில் ஒருவருக்கு 30 மாற்று முகவரிகள் வரை இலவசம். அப்புறம், வாங்கும்போது ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். 18 சதவீதத்தை உள்ளீட்டு வரிக் கடனாக எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு ஒப்பந்தம் மலிவுதான், ஆனால் இடையில் ஆள் குறைந்தாலும் வருடம் முடியும்வரை அந்த உரிமத்துக்குக் கட்டியாக வேண்டும். நிலையாக இருப்பவர்களுக்கு ஆண்டு, சீசனுக்கு வருபவர்களுக்கு மாதம் என்று பிரியுங்கள்.

டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் உங்கள் நிறுவனத்தின் இணையப் பெயர்) விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் டொமைன், இணையதளம் செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தது. அவரோடு பணத் தகராறு வந்ததும் மெயிலை வேறு சேவைக்கு மாற்ற வழியில்லாமல் பல வாரம் தவித்தார்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும். அட்மின் கணக்கு இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் நீங்கள். இருபடிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீடு போன்ற இன்னொரு சோதனை) இல்லாமல் விடாதீர்கள்.

மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள், கணக்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். பையரோடு பேசியதெல்லாம் அதில்தான் இருக்கும். அழித்த கணக்கை மீட்க மைக்ரோசாஃப்ட் 30 நாள் தருகிறது, கூகுள் 20 நாள்.