ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்: மேல்தள அறைகளில் சுவர் வழவழப்பாகவில்லை

நண்பரே, ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் கணினி விளையாட்டில் சுவரை வழவழப்பாக்கச் சொல்லி வேலைக்குறி இட்டால், மேல்தளப் படுக்கையறைகளில் குறியே விழவில்லை, கீழ்த்தளக் கூடத்தில் குறி விழுந்தும், ஐந்து குள்ளர்களைச் செதுக்குபவர் பட்டியலில் சேர்த்தும் வேலைக்கு யாரும் வரவில்லை என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்.

மேல்தளச் சுவர்மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள். களிமண், வண்டல், மணல் என்று வந்தால் அது மண்ணடுக்கு. மண்ணை வழவழப்பாக்கவே முடியாது. படுக்கையறைகளைக் கல்லடுக்குக்கு இறக்கிவிடுங்கள். மேலே விவசாயம் வைத்துக்கொள்ளலாம்.

கீழ்த்தளத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் வந்த ஸ்டீம் (இணைய விளையாட்டுக் கடை) பதிப்பிலிருந்து வழவழப்பாக்குவது கல்வெட்டுபவர் (Stonecutter) வேலை. சித்திரம் செதுக்குவதுதான் செதுக்குபவர் (Engraver) வேலை. நீங்கள் ஐந்து பேரைச் செதுக்குபவர் பட்டியலில் சேர்த்ததால் பயனில்லை. கல்வெட்டுபவர் பட்டியல் 'தேர்ந்தெடுத்தவர் மட்டும்' என்றிருந்து, அதில் ஆளில்லாவிட்டால் குறி அப்படியே கிடக்கும். இரண்டு பேரைச் சேருங்கள், போதும். இதற்குக் கருவியோ கல்லோ தேவையில்லை.

இன்னொன்று: கூடத்துச் சுவரில் தங்கத்தாது ஓடினால் தயவுசெய்து தோண்டி எடுக்காதீர்கள். அதை அப்படியே வழவழப்பாக்கிச் சித்திரமும் செதுக்கினால் கூடத்தின் மதிப்பு எங்கோ போய்விடும். வாசலில் அம்பெய்யும் துளைச்சுவர் வேண்டுமென்றாலும் இயற்கைச் சுவரை முதலில் வழவழப்பாக்கியாக வேண்டும்.