மகள் பேராசிரியை ஆக ஆசைப்படுகிறாள் என்றால்

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதிய அண்ணாச்சிக்கு,

இ.சி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ஐ.டி. வேலை வேண்டாம், தொலைத்தொடர்புப் பேராசிரியை ஆகி வெளிநாட்டு ஆய்வுகளிலும் பங்கெடுப்பேன் என்கிறாள். "வாத்தியார் வேலைக்கு இத்தனை வருசமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எம்.இ. முடித்த கையோடு தனியார் கல்லூரியில் சேர்ந்தால் வகுப்பு, விடைத்தாள், அட்மிஷன் என்றே நாள் ஓடிவிடும். மகள் கேட்பது அதுவல்ல. உலகம் அறிந்த பேராசிரியர் பிஎச்.டி. ஆய்வுக்கூடத்தில்தான் உருவாகிறார்.

பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜைப் பாருங்கள். கடற்படையில் இருந்துகொண்டே டெல்லி ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. முடித்தார். ஸ்டான்ஃபோர்டுக்குப் போனபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஒரே அலைவரிசையில் பல ஆண்டெனாக்கள் வழியே வெவ்வேறு தகவல்களை ஒரே நேரத்தில் அனுப்பி, வந்து சேருமிடத்தில் கணக்குப் போட்டுப் பிரித்தெடுக்கும் 'மைமோ' அவர் தந்த யோசனை. இன்று உங்கள் கையிலுள்ள 4ஜி, 5ஜி போனில் அது ஓடுகிறது. தொலைத்தொடர்புத் துறையின் பெரிய விருதான மார்கோனி பரிசை 2014இல் பெற்றார். அந்தப் பிரித்தெடுக்கும் கணக்குக்கு அடிப்படை லீனியர் அல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி என்ற இரண்டு கணிதப் பாடங்கள். மகள் இப்போது கெட்டியாகப் பிடிக்க வேண்டியவை இந்த இரண்டும்தான். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன.

சரி, பணம். கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.யில் முதல் இரண்டு வருடம் 37,000, அப்புறம் 42,000. அமெரிக்காவில் பி.இ. முடித்தே நேராகப் பிஎச்.டி. சேரலாம், உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் கட்டணமும் இராது. பல்கலைக்கழகம் பணம் தராத பிஎச்.டி. இடத்துக்கு மட்டும் வயலை அடகு வைக்காதீர்கள், அண்ணாச்சி. அப்படி ஓர் இடம் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கல்லூரிப் பெயரைவிட பிஎச்.டி.க்கு வழிகாட்டும் பேராசிரியர் முக்கியம். அவர் மாணவர்கள் எந்த மாநாடுகளில் கட்டுரை வாசித்தார்கள், படிப்பு முடித்து எங்கே போனார்கள் என்று மகள் விசாரிக்கட்டும். ஜெனீவாவிலுள்ள ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ., 2023இல் 6ஜிக்கான சட்டகத்தை 'ஐ.எம்.டி.-2030' என்ற பெயரில் வகுத்தது. இவள் ஆய்வில் இறங்கும் காலம் அந்த வேலைகள் சூடுபிடிக்கும் காலம். அதில் கைவைத்திருக்கும் குழுவில் சேர்ந்தால் வெளிநாட்டுத் தொடர்பு அங்கிருந்தே தொடங்கிவிடும். மூன்றாம் ஆண்டு கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் ஐ.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் இன்டர்ன்ஷிப் செய்தால், பின்னால் பரிந்துரைக் கடிதம் தர அவளைத் தெரிந்த ஒரு பேராசிரியர் இருப்பார்.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிஎச்.டி. நடுவில் கல்யாணம் முடித்துத் தொடர்கிறவர்கள் நிறைய. ஆனால் சேர்ந்த முதல் இரண்டு வருடம் பேச்சை எடுக்காதீர்கள். பாடத் தேர்வுகள், தகுதித் தேர்வு, ஆய்வுத் தலைப்பு எல்லாம் அப்போதுதான் வந்து நிற்கும்.