யாழ்ப்பாண வளவில் பன்னிரண்டு கோழி: கூடு, கீரி, மாரிகால நோய்

கேள்வி: "வீட்டு வளவில் பன்னிரண்டு கோழி வளர்க்க நினைக்கிறோம். போன மாரியில் வைத்திருந்தவை ஒரே கிழமைக்குள் அநேகமாக எல்லாம் செத்துப் போயின. மிஞ்சியவற்றைக் கீரி பிடித்தது. கூட்டை எப்படிக் கட்டுவது, என்ன ஊசி போடுவது?"

முதலில் காலக்கணக்கு. ஐப்பசி மழை தொடங்குமுன் கூடு கட்டி முடிந்திருக்க வேண்டும், புரட்டாதிக்குள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு கிழமை வரை செல்லும். பக்கத்து வீட்டில் கோழி விழத் தொடங்கிய பிறகு போடும் ஊசி பெரும்பாலும் பிந்திப் போன ஊசிதான்.

கூட்டுக்கு இடம் பார்க்கும்போது கிணற்றை மறக்காதீர்கள். எங்கள் நிலத்துக்கடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே விழும் எச்சம் மழையோடு கரைந்து வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும். கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, வளவின் மேடான பக்கத்தில், பகலில் வேம்பு அல்லது மாமர நிழல் விழும் இடத்தில் கூட்டை வையுங்கள். நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் உள்ளே நேரே அடிக்காது.

இரவில் மட்டும் அடைக்கும் பன்னிரண்டு கோழிக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் தாராளம். நாள் முழுக்க உள்ளேயே வைப்பதென்றால் ஒரு கோழிக்கு 3 முதல் 4 சதுர அடி வேண்டும். நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் தளம் இருக்கட்டும். கார்த்திகையில் வளவில் வெள்ளம் நின்றாலும் கோழியின் கால் நனையாது. தளத்துக்கு ஒரு அங்குலத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள தடித்த வெல்ட் மெஷ் கம்பிவலை போடுங்கள். எச்சம் கீழே விழும், கீரி உள்ளே வராது. குஞ்சு இருக்கும் மூலையில் மட்டும் அதன் மேல் சாக்கு விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் சிக்கும். எறும்பு ஏறாமல் இருக்கக் கூட்டின் கால்களில் பழைய ஒயிலில் தோய்த்த துணியைச் சுற்றிக் கட்டுங்கள். அதற்குப் பதிலாகக் கால்களுக்கடியில் சிரட்டையில் தண்ணீர் வைத்தால் நுளம்பு பெருகும், அது கோழிக்கு அம்மையைக் கொண்டுவரும்.

கூரைக்குத் தகரம் நல்லது, ஆனால் வெறுந் தகரம் சித்திரை வெயிலில் அடுப்பு. தகரத்தின் மேல் கிடுகு அடுக்குங்கள். கிடுகை மட்டும் நம்பினால் இரண்டாவது மாரியில் ஒழுகும், அதன் மடிப்புகளுக்குள் செள்ளும் குடியேறும். கூரை இறப்பு ஒன்றரை அடி வெளியே நீளட்டும். வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிப்பது வடகிழக்கிலிருந்து, அந்தப் பக்கத்துக்கு மாரியில் ஒரு தறப்பாள் கட்டிவிடுங்கள். நான்கு பக்கமும் மூடிக்கட்டுவதுதான் பலர் விடும் பிழை. காற்றோட்டம் நின்றால் எச்சத்தின் அமோனியா தேங்கும், கோழிக்குக் கண் எரியும், மூச்சுக்குழல் புண்ணாகும், சளி தொடங்கும். அதிகாலையில் கூட்டைத் திறந்து தலையை உள்ளே நீட்டுங்கள். உங்களுக்குக் கண் கரித்தால் இரவெல்லாம் அதற்குள் இருந்த கோழிக்கு எப்படி இருந்திருக்கும்?

நிலத்திலேயே கூடு வைத்திருப்பவர்கள் உமியை 3 முதல் 4 அங்குலம் பரப்பி, கிழமைக்கு இரண்டு முறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பொத்திக் கையை விரித்துப் பாருங்கள். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை போல உருண்டு நின்றால் ஈரம் கூடிவிட்டது, அன்றைக்கே அந்த இடத்தை அள்ளி மாற்றுங்கள். 3 முதல் 6 கிழமைக் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போகும் இரத்தக் கழிச்சல் இந்த ஈரத்தில்தான் விளைகிறது. குஞ்சு குறண்டிக்கொண்டு நின்று, எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அம்புரோலியம் என்ற மருந்தைக் கேளுங்கள். 20 வீதத் தூள் என்றால் லீற்றருக்கு 1.2 கிராம், மூன்று முதல் ஐந்து நாள். அந்த நாட்களில் வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. உமியை மாற்றாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் நோய் திரும்பி வரும்.

கோழி ஏறி இருக்கும் தடி இரண்டு அங்குலப் பருமனில், விளிம்பு மழுங்கலாக, பட்டை உரித்ததாக இருக்கட்டும். ஒரு கோழிக்கு 8 அங்குலம் இடம். பட்டையோடு கட்டினால் அதற்குள் செந்நிறச் செள் ஒளிக்கும். அது பகலில் கோழியின் உடம்பில் இருக்காது, ஆகவே கோழியைப் பிடித்துத் தேடிப் பயனில்லை. இரவு எட்டு மணிக்குமேல் ரோச் லைற்றோடு போய், தடியின் அடிப்பக்கத்தை வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பாருங்கள். கடதாசியில் சிவப்புக் கோடு இழுபட்டால் செள் இருக்கிறது. தடியைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, பொருத்து இடுக்குகளில் சுண்ணாம்பு பூசி, ஒரு கிழமையில் மறுபடி செய்யுங்கள், முட்டையிலிருந்து புதிது பொரித்திருக்கும். அடுப்புச் சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்து ஒரு பழைய தாச்சியில் நிழலில் வைத்தால் கோழி தானே குளித்துப் பேனைக் குறைத்துக்கொள்ளும்.

முட்டைப் பெட்டி 12 அங்குலச் சதுரம், நான்கைந்து பேட்டுக்கு ஒன்று போதும். இருக்கும் தடியை விடப் பெட்டி தாழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரவில் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிடும்.

இனிக் கீரி. கீரி பகலில் வேட்டையாடும் பிராணி. இரவில் கூட்டை எவ்வளவு பூட்டினாலும் காலை பத்து மணிக்கு வேலியடியில் மேயும் குஞ்சை அது கொண்டுபோகும். இரவில் வருவது மரநாய், அது ஏறும், இளகிய கொண்டியையும் தள்ளித் திறக்கும். இரண்டுக்கும் வழி வேறு. மரநாய்க்கு இரண்டு கொண்டி, ஒன்று மேலே ஒன்று கீழே, கம்பி முறுக்கோடு. கீரிக்குக் கூட்டோடு ஒட்டிய ஒரு கம்பி அடைப்பு வேண்டும், குஞ்சுகள் எட்டுக் கிழமை வரை அதற்குள்தான். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை போதாது, அரை அங்குல வெல்ட் மெஷ் போடுங்கள். வலையை நேரே புதைப்பதை விட வெளிப்பக்கமாக ஒன்றரை அடி படுக்கையாக விரித்து, மேலே மண்ணும் கல்லும் போடுவது நல்லது. கீரி சுவர் அடியில்தான் தோண்டத் தொடங்கும், உடனே கம்பியில் நகம் படும். பிராந்துக்கும் காகத்துக்கும் மேலே பழைய மீன்வலை போதும், கரையோரத்தில் கேட்டால் கிடைக்கும். கிடுகு வேலியின் அடியில் சேரும் சருகையும் பற்றையையும் வெட்டி வெளியாக்குங்கள், கீரி மறைவில்லாத வெளியைக் கடக்கத் தயங்கும்.

யார் வந்தது என்று தடயம் சொல்லும். முட்டை கோதுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு. வளவெங்கும் இறகு பரந்து, கடிபட்ட கோழிகள் தின்னப்படாமல் கிடந்தால் நாய்.

ஒரு கிழமையில் கூட்டமே விழுந்தது என்கிறீர்களே, அது அநேகமாக ராணிக்கெட். பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், வாயைத் திறந்து இழுக்கும் மூச்சு, தப்பியவற்றில் கழுத்து முறுகிச் சிறகு தொங்குதல். இது வைரஸ், இதைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. கடைகளில் தரும் அன்ரிபயோற்றிக் இதற்கு வேலை செய்யாது, அந்தக் காசை ஊசிக்குச் செலவழியுங்கள். குஞ்சு பொரித்து ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து (ஊசி என்று சொன்னாலும் இது சொட்டுத்தான்) ஒரு துளி கண்ணில், நான்காம் கிழமை மறுபடி, பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அட்டவணையை உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள், அம்மைக்கான சிறகு ஊசியையும் அங்கேயே கேளுங்கள். துளியை விட்டவுடன் குஞ்சைக் கீழே விடாதீர்கள். கண்ணைச் சிமிட்டித் துளி உள்ளே இறங்கும் வரை பிடித்திருங்கள், இல்லையென்றால் தலையை உதறிவிடும்.

ஊசி தோற்பது பெரும்பாலும் வெப்பத்தால். 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டிய போத்தலைச் சட்டைப்பையில் போட்டுச் சைக்கிளில் கொண்டுவந்தால் அது செத்த ஊசி. ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள், கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். ஒரு போத்தலில் நூறுக்குமேல் அளவு இருக்கும், உங்களிடம் பன்னிரண்டு கோழிதான். ஒழுங்கையில் உள்ள நாலைந்து வீட்டைச் சேர்த்து ஒரே காலையில் போடுங்கள். வேலியைத் தாண்டி ஒன்றாக மேயும் கோழிகள் எப்படியும் ஒரே கூட்டம்தானே.

சந்தையிலோ உறவினர் வீட்டிலோ வாங்கிவந்த கோழியை அன்றிரவே கூட்டில் விடுவதுதான் நோய் நுழையும் பெரிய படலை. மூன்று கிழமை வளவின் மறு பக்கத்தில் தனியே வையுங்கள். தீனும் தண்ணீரும் பழைய கோழிக்கு முதலில், புதியதற்குக் கடைசியில். இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம்.

தீன் பற்றிச் சுருக்கமாக. முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம், வளவில் மேய்ந்தால் அதற்குக் குறைவு. இடித்த சிப்பியை வேறு பேணியில் வையுங்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளும். முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடாதீர்கள், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவாட்டுத் தலையை உப்புப் போக ஊறவைக்காமல் கொடுக்கக் கூடாது. மாரியில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கோ தேங்காய்ப் புண்ணாக்கோ ஈரலை அழிக்கும், கொஞ்சம்தானே என்று கலக்காமல் எறியுங்கள். கோடையில் உங்கள் கிணறு உவர்த்தால் கோழிக்கும் நன்னீர் வேண்டும், உப்பு நீர் எச்சத்தை நீராக்கும். கடும் வெயில் நாளில் ஒரு கோழி அரை லீற்றர் வரை குடிக்கும். மண்சட்டியில் நிழலில் வைத்து மூன்று முறை மாற்றுங்கள். தீனைக் காலையும் பின்னேரமும் மட்டும் போடுங்கள், நண்பகலில் தின்றால் செரிமானச் சூடும் சேரும்.

செத்த கோழியை வேலிக்கு வெளியே எறிவதும், சாகப்போகிறதென்று அறுத்து அயலுக்குப் பங்கிடுவதும் நோயை ஊருக்கு அனுப்புவதாகும். மூன்றடி தோண்டி, சுண்ணாம்பு தூவி, நாய் கிளறாமல் மேலே கல் வைத்துப் புதையுங்கள், கிணற்றிலிருந்து தூரமாக. பாறை மூன்றடிக்குள்ளேயே தட்டுப்பட்டால் எரிப்பதே நல்லது. இறகும் எச்சமும் அள்ளிய மண்வெட்டியையும், கூட்டுக்குள் போட்ட செருப்பையும் சவர்க்காரத்தால் கழுவி வெயிலில் காயவிடுங்கள். கடைசிக் கோழி போன பிறகு கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்படித்து, ஒரு மாதமாவது வெறுமையாக விட்டுத்தான் புதுக் குஞ்சு வாங்க வேண்டும்.