பாண்ட் பயமில்லை, பிளாங்க் செக்தான் பயம்

கேள்வி: எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். கணவர் சம்பாதிப்பது வாடகைக்கும் மளிகைக்குமே சரியாகிவிடுகிறது. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு கோவையில் ஒரு சின்ன ஐ.டி. கம்பெனியில் 16,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தேன். இரண்டு வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்கினார்கள். டிகிரி ஒரிஜினலும், கையெழுத்துப் போட்ட பிளாங்க் செக் ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. 14 மாதம் முடிந்துவிட்டது. இப்போது 35,000 ரூபாயில் வேறு வேலை வந்திருக்கிறது. இப்படி இன்னொன்று கிடைக்குமா தெரியவில்லை. போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், சகோதரி. ‘இங்கேயேதான் வேலை பார்க்க வேண்டும்’ என்று எந்தக் கோர்ட்டும் உங்களுக்கு உத்தரவு போடாது. அவர்கள் பணம் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

அதற்காக, ‘பாண்டெல்லாம் செல்லாதுங்க’ என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வதை நம்பிவிடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் அது பொதுத்துறை வங்கி, பொது அறிவிப்பு கொடுத்து, செலவழித்து ஆளெடுத்த இடம். உங்கள் விஷயத்தில் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவைப் பார்க்க வேண்டும். 2 லட்சம் என்பது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். உங்களுக்கு உண்மையிலேயே செலவு செய்து பயிற்சி கொடுத்தார்களா, அல்லது சீனியர் பக்கத்தில் உட்காரவைத்து ‘பார்த்துக் கத்துக்கோ’ என்றார்களா? 24 மாதத்தில் 14 மாதம் வேலை பார்த்ததையும் சொல்லி வாதாடலாம்.

சர்டிபிகேட் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். கல்விச் சான்றிதழ் விற்கிற சரக்கல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனக்குக் கவலை அந்தச் செக்தான். கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். பேங்கில் ‘ஸ்டாப் பேமென்ட்’ கொடுத்தால் தப்பித்துவிடலாம் என்பதும் தவறு. அப்போதும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில், அதாவது செக் பவுன்ஸ் வழக்கு வரலாம். அதனால் ராஜினாமா கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: இந்த நம்பர் செக் வேலையில் சேரும்போது செக்யூரிட்டியாக வாங்கியது, உங்களுக்கு நான் எந்தக் கடனும் தர வேண்டியதில்லை, ஒரிஜினலோடு அதையும் திருப்பித் தாருங்கள் என்று. மெயிலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். புது கம்பெனியின் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகே இதைச் செய்யுங்கள். நோட்டீஸ் பீரியடை முழுதாக முடியுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். செக் பவுன்ஸ் ஆகி வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் போய்விட வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோவை கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது பாண்ட் நகல், சம்பளச் சீட்டு, அப்புறம் செக் நம்பரும் வேண்டும். நம்பர் ஞாபகமில்லையென்றால் செக் புக்கின் அடிக்கட்டையைப் பாருங்கள்.